மாவு டப்பாவும் மழைக்காட்டு எறும்பும்

தையூர் மேஸ்திரி முனுசாமியை என் வண்டியில் எறும்பு கடித்த அன்றுதான் எனக்குப் பாஸ்போர்ட் வந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால், வெயிலில் அலைந்துவிட்டு ஏதோ உளறுகிறான் என்று நினைத்திருப்பேன்.

என் பெயர் ஏகாம்பரம். கேளம்பாக்கத்திலிருந்து திருப்போரூருக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். எட்டாவது வரை படிப்பு. காலையில் குளித்து, திருநீறு பூசி, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் கந்தசாமி படத்துக்கு ஒரு பிடி பொட்டுக்கடலையும் வெல்லமும் வைத்துவிட்டுத்தான் சாவியைத் திருப்புவேன். மேஸ்திரி தினமும் முன் சீட்டில், அந்தப் படத்துக்குப் பக்கத்தில்தான் உட்காருவார்.

"இன்னா அண்ணாத்த, வண்டியில எறும்பு வளக்கிறியா? கழுத்தாண்ட ஒரே பேஜாரு."

"சாமி பிரசாதம் துன்ன வர்ற எறும்பு மேஸ்திரி. கடிச்சா பாவம் போவும்னு நெனச்சிக்க."

"என் பாவத்துக்கு எறும்பு பத்தாது அண்ணாத்த. தேளு வோணும்."

பின்னால் இருந்த நாவலூர் ஐ.டி. பையன்கள்கூட காதிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்கள்.

என் ஒரே மகள் வள்ளி இலங்கையில், ஒரு மழைக்காட்டின் ஓரத்தில், எறும்புகளைப் பிடித்து இது இன்ன இனம் என்று கண்டுபிடிக்கிற வேலை பார்க்கிறாள். கல்யாண வீடுகளில் "பொண்ணு இன்னா பண்ணுது?" என்று கேட்பார்கள். "எறும்பு ஆராய்ச்சி" என்றால் "எங்க வூட்ல மூட்டைப்பூச்சி கீது, வந்து பாக்குமா?" என்பார்கள். நான் சண்டைக்குப் போவதில்லை. அவள் டெங்கு வந்து படுத்துவிட்டாள் என்று செய்தி வந்தபோதுதான் எனக்கு உயிரே போய்விட்டது. காய்ச்சல் இறங்கினால் அந்தத் தீவிலேயே இருக்கும் கதிர்காமம் முருகன் கோயிலுக்கு வந்து பித்தளை வேல் சாத்துகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். இறங்கியது. முழங்கால் வலி உள்ள என் மனைவி சரோஜா, "நீ போய் பொண்ண பாத்துட்டு, நாலு நாள் வாய்க்கு ருசியா ஆக்கிப் போட்டுட்டு வா" என்றாள்.

அதோடு விடவில்லை. ஜோசியரிடம் போய்வந்தாள். வள்ளிக்கு ஏழரைச் சனி. அப்பனோ ஆத்தாளோ, பச்சரிசி மாவில் வெல்லம் கலந்து சூரியன் கிளம்பும் நேரத்தில் எறும்புக்குப் போட வேண்டும். எறும்பு தின்னத் தின்னச் சனி விலகும். எங்கள் பக்கத்தில் இது எல்லோரும் செய்கிற பரிகாரம்தான். சரோஜா மாவை இடித்து, வெல்லத்தை நுணுக்கிக் கலந்து, பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில் நிரப்பினாள். "மூணு நாளு கந்தசாமி காலாண்ட வெச்சி எடுத்துகினு போ" என்றாள். மூடி கொஞ்சம் நெளிந்த டப்பா. மூன்று நாளும் வண்டியில், படத்தின் அடியில், அது கேளம்பாக்கத்துக்கும் திருப்போரூருக்கும் போய்வந்துகொண்டிருந்தது. நாலாம் நாள் சுற்றிலும் டேப் ஒட்டினேன்.

விமான நிலையத்தில் ஓர் அதிகாரி டப்பாவைத் தட்டிப் பார்த்து என்ன என்று கேட்டார். "பிரசாதம்" என்றேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். சாமி காலடியில் இருந்தது உண்மை. யாருக்குப் படைக்கப்போகிறேன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இலங்கையில் முதல் அதிர்ச்சி பஸ். நம் ஊர் பஸ்ஸுக்கு அண்ணன். கதவு மூடுவதில்லை, பாட்டு நிற்பதில்லை, வளைவில் டிரைவர் ஹாரனை நம்பித் திருப்புகிறார். ஆனால் பிள்ளைத்தாச்சி ஏறினால் இடம் தானாகக் காலியாகிறது. அதைப் பார்த்துவிட்டு, சென்ற மாதம் ஒரு நிறைமாதப் பெண்ணை நான் கம்பியைப் பிடித்து நிற்கவைத்து ஓட்டியது ஞாபகம் வந்து தலையைக் குனிந்துகொண்டேன்.

பஸ் போய் நின்ற கடைசி ஊரில் பியசேன காத்திருந்தார். வள்ளி தங்கியிருக்கும் ஆராய்ச்சி விடுதிக்கு டிரைவர், சமையல்காரர், தோட்டக்காரர் எல்லாம் அவரே. சிங்களவர், எஸ்டேட் பக்கம் வளர்ந்ததால் தமிழ் ஓரளவு பேசுவார். அவருடைய ஆட்டோவில் என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். எனக்கு மனசே ஆறவில்லை.

"இன்னும் ஆறு பேரு ஏத்தலாமே?" என்றேன்.

"எங்கே ஐயா ஏத்துறது?"

"உங்க ரெண்டு பக்கமும் ஒண்ணு ஒண்ணு. பின்னாடி நாலு."

அவர் வண்டியை நிறுத்தியே விட்டார். திரும்பி, தம் இரண்டு பக்கத்தையும் பார்த்தார். "அப்போ நான் எங்கே உக்காரது?" என்று கவலையோடு கேட்டார். அந்தக் கலையைச் சொல்லிக்கொடுப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சக்கரம் பள்ளத்தில் இறங்கிவிட, இரண்டு டிரைவர்களும் சேறு முழங்கால்வரை ஏறத் தள்ளினோம். தள்ளும்போதுதான் பார்த்தேன். அவர் வண்டியின் முன்னாலும் ஒரு படம். மயில், வேல், ஆறு முகம். "கதிர்காமக் கடவுள்" என்றார். "எங்க ஆளு" என்றேன். "எங்க ஆளும்" என்றார். அதற்குப் பிறகு வண்டி ஒரே தள்ளலில் ஏறிவிட்டது.

விடுதி வாசலில் வள்ளி ஒரு மரத்தின் முன் குனிந்து நின்றிருந்தாள். கழுத்து எலும்பு தெரிந்தது. வாயில் ரப்பர் குழாய் ஒன்றை வைத்து, மரத்தில் ஊர்கிற எறும்புகளைச் சர் சர்ரென்று உறிஞ்சிக்கொண்டிருந்தாள். பையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"கண்ணு! இன்னாம்மா இது! சோறு போடறதில்லையா இங்க?"

"துன்னலப்பா, புடிக்கிறேன்" என்று குழாயை எடுத்துக் காட்டினாள். நடுவில் ஒரு கண்ணாடிக் குப்பி. வாய்ப்பக்கம் வலை கட்டியிருக்கிறது. எறும்பு குப்பியிலேயே நின்றுவிடும். பிறகு அதை அப்படியே சாராயம் மாதிரி வாடை அடிக்கிற ஒரு திரவத்தில் கவிழ்த்தாள். எல்லாம் அடங்கிவிட்டன. நான் கண்ணை மூடி முருகா என்றேன். எறும்புக்குச் சோறு போட்டுச் சனியை விரட்ட அப்பன் வந்திருக்கிறான். மகள் குப்பி குப்பியாக எறும்பைக் கொன்றுகொண்டிருக்கிறாள். இப்படிப் போனால் சனி எங்கே விலகுவது? கூடக் குடிவந்துவிடும். மாவைத் தாராளமாகப் போடுவது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

விடுதியில் வெளியே உணவு எதையும் சிந்தக்கூடாது என்று சட்டம். அதனால் வள்ளியிடம் சொல்லவில்லை. தினமும் விடிகிற நேரத்தில் சமையலறைக்குப் பின்னால், பாக்கு மரத்தடியில் ஒரு பிடி போட்டுக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுவேன்.

இரண்டாம் நாள் சாப்பாட்டுப் பிரச்சினை. இடியாப்பம் பூ மாதிரி இருந்தது. பக்கத்தில் தேங்காய்ச் சம்பல். ஒரு வாய் வைத்தேன், அமிர்தம். இன்னொரு வாய் வைக்கும்போது பியசேன பெருமையாகச் சொன்னார், மாசிக் கருவாட்டுத் தூள் போட்டால்தான் இந்த ருசி வரும் என்று. கதிர்காமம் போகும்வரை கவிச்சி தொடுவதில்லை என்று நான் விரதம். வாயைக் கொப்பளித்தேன். "கொஞ்சம்தான் ஐயா போட்டது" என்று அவர் சமாதானம் சொன்னார். அன்றிலிருந்து அடுப்பைப் பாதி நான் எடுத்துக்கொண்டேன். வள்ளியின் பேராசிரியை நிலூகா மேடம் வாரம் இரண்டு முறை நகரத்திலிருந்து வருவார். என் மிளகு ரசத்தைத் தேநீர்க் கோப்பையில் ஊற்றிக் குடித்துவிட்டு இன்னொரு கோப்பை கேட்டார்.

காட்டுக்குள் ஒரு நாள் என்னையும் அழைத்துப் போனார்கள். அட்டை ஏறும், காலில் உப்பும் சோப்பும் தடவிக்கொள்ளுங்கள் என்றார்கள். நான் திருநீறு தடவிக்கொண்டேன். சும்மா சொல்லக்கூடாது, திருநீறு பூசிய இடத்தில் ஓர் அட்டைகூடக் கடிக்கவில்லை. பூசாத இடத்தில் பதினான்கு.

அன்று சாயங்காலம் வள்ளி எனக்குத் தன் வேலையைக் காட்டினாள். எறும்பை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழே வைத்தால் பன்றிக்குட்டி அளவுக்குத் தெரிகிறது. பக்கத்தில் ஒரு தடிப் புத்தகம். அது கேள்வி கேட்கும். இடுப்பில் கணு ஒன்றா, இரண்டா? ஒன்று என்றால் இந்தப் பக்கம் போ. இரண்டு என்றால் அந்தப் பக்கம் போ. மீசையில் எத்தனை மூட்டு? முதுகில் முள் உண்டா? இப்படிக் கேட்டுக் கேட்டுக் கடைசியில் பெயரில் கொண்டுபோய் நிறுத்தும்.

"நம்ம ஜங்ஷன் மாரி" என்றேன். "கணு ஒண்ணுன்னா லெஃப்ட்ல கோவளம். ரெண்டுன்னா நேரா திருப்போரூர்."

வள்ளி என்னையே பார்த்தாள். "மூணு வருசமா பசங்களுக்கு இத எப்டி சொல்லிக் குடுக்கறதுன்னு தெரியாம கெடந்தேம்பா" என்றாள். எனக்கு விமானம் ஏறியதற்கு அதுவே போதும் என்று இருந்தது.

அப்போதுதான் அவள் மனதில் இருந்ததையும் சொன்னாள். அடுத்த வருடத்துக்கு ஓர் ஆளுக்குத்தான் இடம். இவளும் இன்னொரு மாணவரும் போட்டி. இவள் காய்ச்சலில் கிடந்த மூன்று வாரத்தில் அவர் நன்றாக வேலை செய்துவிட்டார். மாதக் கடைசியில் மேடம் முடிவு சொல்வார். "எனக்குன்னு சொல்லிக்க ஒண்ணும் இல்லப்பா. மூட்டை கட்ட வேண்டிதான்." சொல்லிவிட்டு மறுபடி கண்ணாடியில் குனிந்துகொண்டாள்.

மறுநாள் காலை மாவு அரைப்பிடி அதிகமாகப் போட்டேன்.

நாலாம் நாள் நான் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது உள்ளே வள்ளி ஓவென்று கத்தினாள். பாம்புதான் என்று அரிவாள்மணையோடு ஓடினேன். அவள் கண்ணாடியைக் காட்டி "பாருப்பா, பாரு" என்றாள். வெல்லக் கலரில் ஒரு சின்ன எறும்பு. கணு இரண்டு. முதுகில் இரண்டு முள், வேல் மாதிரி நீட்டிக்கொண்டு. பாக்கு மரத்துப் பக்கம் அவள் எறும்புக்குப் பொறியாக வைத்திருந்த காகித அட்டையில் கிடைத்ததாம். புத்தகத்தில் கேள்வி கேள்வியாகப் போனால் கடைசியில் இந்த எறும்புக்கு எந்தப் பெயரும் பொருந்தவில்லை. போர்டே இல்லாத ரோடு.

"இந்தத் தீவுல இத யாரும் பாத்ததே இல்லப்பா. புது இனமா இருந்தா நாமதான் பேர் வெப்போம்." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "முள்ள பாத்தியா? வேலுன்னே வெக்கலாம்."

நான் அழுதுவிட்டேன். கந்தசாமி வேல் ஓர் எறும்பின் முதுகில்! ஜோசியர் சொன்னது பலித்தது, மாவு தின்ற எறும்பே என் மகளுக்கு வழிவிட்டது என்று நினைத்தேன். மறுநாள் இரண்டு பிடி போட்டேன். அன்று அதே எறும்பு ஏழு கிடைத்தன. அதற்கு மறுநாள் மூன்று பிடி. பன்னிரண்டு கிடைத்தன. நிலூகா மேடம் செய்தி கேட்டு அவசரமாக வந்திறங்கினார்.

ஒரே ஒரு குறை. கூடு கிடைக்கவில்லை. கூடும் ராணியும் இருந்தால்தான் எறும்பைப் பற்றி முழுதாக எழுத முடியுமாம். இரண்டு நாள் எல்லோரும் பாக்கு மரத்தைச் சுற்றித் தவழ்ந்தார்கள். மேடம், அவ்வளவு படித்த அம்மாள், குப்புறப் படுத்துச் சருகு சருகாகப் புரட்டினார். பியசேன மண்வெட்டியோடு காத்திருந்தார். எறும்பு வருகிறது, எங்கிருந்து வருகிறது என்றுதான் தெரியவில்லை. "இத்தனை வருடத்தில் கூடு இல்லாத எறும்பை இப்போதுதான் பார்க்கிறேன்" என்று மேடம் சொன்னதாக வள்ளி எனக்குத் தமிழில் சொன்னாள். நானும் சருகைப் புரட்டிக்கொண்டே ஆமாம் ஆமாம் என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை. மறுநாள் பியசேன வண்டியில் கதிர்காமம்; ஞாயிறு நான் ஊருக்குத் திரும்ப வேண்டும். டப்பாவில் மாவு அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஒரு வெல்லத்துண்டு நகர்ந்தது.

வெல்லம் நகராது என்று எனக்குத் தெரியும்.

ஆணியில் வள்ளியின் கையடக்கக் கண்ணாடி தொங்கியது. எடுத்துப் பார்த்தேன். கணு இரண்டு. முள் இரண்டு. நேரே திருப்போரூர். மூடியின் நெளிவுக்குள் இன்னும் ஏழெட்டு ஒண்டிக்கொண்டிருந்தன.

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாளும் காட்டுக்கு எறும்பை நான்தான் பிடி பிடியாகப் போட்டிருக்கிறேன். மேடம் வயிற்றால் தவழ்ந்து தேடியது என் டப்பாவை. வீட்டுக்குள் வள்ளி அந்த எறும்பைப் பற்றி வெளிநாட்டு ஆட்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறாள். சொன்னால் அவள் கதை இன்றோடு முடிந்தது. சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்? பின்னால் ஓடை ஓடுகிறது. டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனேன். சட்டைப் பையில் பித்தளை வேல் குத்தியது. "கந்தா, நீ அந்தப் பக்கம் திரும்பிக்கப்பா" என்று வாய்விட்டே சொன்னேன்.

தண்ணீர் மொள்ள வந்த பியசேன பக்கத்தில் நின்றார். "நல்ல டப்பா ஐயா" என்றார். "ஆத்துல போட வேணாம். கீழே ஊர்ல யாராச்சும் எடுத்துத் திறப்பாங்க."

அவர் டப்பாவுக்காகத்தான் சொன்னார். எனக்கோ, கீழே ஓர் ஊர், அதில் ஒரு பாக்கு மரம், அதைச் சுற்றி இன்னொரு மேடம் தவழ்வது தெரிந்தது. திரும்பி நடந்தேன்.

வள்ளியின் மேசைமேல், கம்ப்யூட்டருக்கும் கண்ணாடிக்கும் நடுவில், டப்பாவை வைத்தேன்.

"இன்னாப்பா இது?"

"உன் எறும்போட வூடு."

அவள் மூடியைத் திறந்தாள். பார்த்தாள். கண்ணாடியை எடுத்து மறுபடி பார்த்தாள்.

"எத்தினி நாளா போடற?"

"வந்த மறுநாள்லேர்ந்து. உங்கம்மா மாவும்மா. ஏழரைச் சனிக்கு."

"எங்க போட்ட?"

"பாக்கு மரத்தாண்ட."

"அய்யோ அப்பா." நெற்றியை மேசையில் வைத்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்தபோது அவள் முகத்தில் வேலை போகிற கவலை இல்லை, வேறு பயம். "வெளியூர் எறும்பு ஒண்ணு இந்தக் காட்ல கூடு கட்டிச்சின்னா, இங்க கீறதை எல்லாம் தொரத்திடும்பா. மொதல்ல அத பாக்கணும்." எழுதிக்கொண்டிருந்த கடிதத்தை அழித்துவிட்டு மேடத்திடம் போனாள். நான் பின்னாலேயே போய்க் கைகட்டி நின்றேன்.

மேடம் எல்லாவற்றையும் கேட்டார். என்னைத் திட்டவில்லை. ஒரே கேள்விதான் கேட்டார். டப்பாவில் ராணி இருக்கிறதா?

அப்புறம் நடந்தது என் எதிரிக்கும் நேர வேண்டாம். வெள்ளை வேட்டியை, என் கதிர்காம வேட்டியை, விரித்து மாவைச் சல்லடையில் சலித்தார்கள். பாக்கு மரத்தைச் சுற்றி வெந்நீர் ஊற்றினார்கள். என் பை, செருப்பு, சீப்பு, திருநீற்றுப் பொட்டலம் எல்லாம் கண்ணாடியின் கீழே போயின. திருநீற்றில் அரை எறும்பு இருந்தது. வேலின் நுனியில் ஒரு கால் ஒட்டியிருந்தது. ராணி இல்லை. மேடம் பெருமூச்சுவிட்டு ஒரு கோப்பை ரசம் கேட்டார்.

சனிக்கிழமையும் அதிலேயே போயிற்று. கதிர்காமம் போகவில்லை. பித்தளை வேலைப் பியசேன கையில் கொடுத்தேன். "நம்ம ஆளுதானே, நான் குடுக்கிறேன்" என்று அதைத் தம் வண்டிப் படத்தின் முன்னால் வைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது மேடம் ஒன்று சொன்னார். வள்ளி மொழிபெயர்த்தாள். "இந்தத் தீவு எறும்பு இல்லேன்னு ஆயிடுச்சி. ஆனா இந்தியப் புத்தகத்துலயும் இது பொருந்தலையாம்ப்பா. அப்ப இது இன்னான்னு தெரியணும். மாசக் கடைசிக்குள்ள நம்மூர்ல கூடு கெடச்சா, மூட்டையில வண்டியில ஏறி ஊர் ஊரா போற எறும்புங்கள பத்தி அடுத்த வருசம் என்னையே பாக்கச் சொல்றாங்க. கெடைக்கலன்னா அந்த எடம் போட்டிக்கு நிக்கிற அந்த இன்னொருத்தருக்கு." என் கையில் ஓர் உறிஞ்சுகுழாயையும் தன் கையடக்கக் கண்ணாடியையும் கொடுத்தாள்.

அங்கிருந்தே சரோஜாவுக்குப் போன் போட்டேன். "வூட்ல எறும்பு ஒண்ணையும் தொடாத!"

"எறும்பா?" என்றாள் பெருமையாக. "நீ போன அன்னிக்கே பொட்டி சட்டியெல்லாம் கழுவி, சுத்தி எறும்பு சாக்பீஸ் இழுத்துட்டேன். ஒண்ணு கூட கெடையாது, போ."

ஊருக்கு வந்து அடுப்படியில் மாவைப் போட்டுக்கொண்டு, குழாயை வாயில் வைத்து உட்கார்ந்தேன். ஒரு நாள். இரண்டு நாள். நாலு நாள். "ஒடம்பு வணங்கி ஒரு வேலை இல்ல, எறும்புக்குத் தவம் இருந்துகினு கீது" என்று சரோஜா என்னைத் தாண்டித் தாண்டிச் சமைத்தாள். அஞ்சாம் நாள் ஒரு கட்டெறும்பு வந்தது. பிடித்துப் படமெடுத்து அனுப்பினேன். "கணு ஒண்ணுப்பா" என்று பதில் வந்தது. கோவளம்.

மாதம் முடிய இரண்டு நாள். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்ய? வண்டியை எடுத்தேன். பொட்டுக்கடலை வெல்லம் வைத்தேன். கந்தசாமி முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. முன் சீட்டில் மேஸ்திரி ஏறினார். பின்னால் எட்டுப் பேர்.

தையூர் தாண்டவில்லை, மேஸ்திரி துள்ளினார். "இன்னா அண்ணாத்த! சிலோன் போய் வந்தும் உன் எறும்பு திருந்தலையே!" கழுத்தில் அடிக்கக் கை ஓங்கினார்.

டப்பா மூன்று நாள் இந்தப் படத்தடியில் இருந்தது எனக்கு அந்த நொடிதான் உறைத்தது.

"அடிக்காத!" நடுரோட்டில் பிரேக் போட்டேன். எட்டுப் பேரும் முன்னால் வந்து விழுந்தார்கள். "ஆடாத மேஸ்திரி! அசையாத! கையெடு!"

"இன்னா அண்ணாத்த, பாம்பா?" மேஸ்திரி ஓங்கிய கையை அப்படியே நிறுத்தினார்.

குழாயை எடுத்து வாயில் வைத்து அவர் கழுத்தில் குனிந்தேன். சர்ரென்று உறிஞ்சினேன். பின்னால் ஒரு பெண்பிள்ளை "அய்யோ, ரத்தம் குடிக்கிறாரு" என்று இறங்கியே ஓடிவிட்டாள். குப்பியைத் தூக்கிப் பார்த்தேன். வெல்லக் கலர். கண்ணாடியில், கணு இரண்டு, முள் இரண்டு.

வண்டியை ஓரம் கட்டி, கும்பிட்டுவிட்டு, கந்தசாமி படத்தின் ஸ்க்ரூவைக் கழற்றினேன். பின்பலகை ஊறி உப்பியிருந்தது. அதன் இடுக்கில் அவ்வளவும் இருந்தன: ஆயிரம் வெல்லத் தூள்கள், வெள்ளை வெள்ளையாக முட்டைகள், நடுவில் அசையாமல் பெரிதாக ஒருத்தி. எத்தனை வருடமாக இங்கே குடியிருக்கிறாளோ. தினம் ஒரு பிடி என் கையால் தின்றுகொண்டு.

வீடியோவில் வள்ளி பார்த்தாள். "அப்பா, தொடாத! பலகைய அப்டியே வெச்சிரு! மேடமே நேர்ல வருவாங்க!" என்று அழுதாள். அதற்கு முன்னால் ஆறே ஆறு மட்டும் பிடித்துக் குப்பியில் போடச் சொன்னாள். ஒவ்வொன்றையும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் போட்டேன்.

"குப்பி மேல ஒட்ட சீட்டு எழுதணும்பா. எடுத்த எடம் சொல்லு."

"வண்டிம்மா."

"வண்டி ஓடிக்கினே கீதே. ஊரு?"

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். பின்னாலிருந்து ஒருவர் தையூர் என்றார், ஒருவர் கேளம்பாக்கம் என்றார். ஒரு நாவலூர் பையன் செல்போனைப் பார்த்து ஏதோ எண்களை வாசித்தான். மேஸ்திரி எல்லோரையும் கையமர்த்தினார். "மொத எறும்பு எங்கேர்ந்து எடுத்த? உள்ளத எழுது. என் கழுத்து."

அந்தச் சீட்டின் படம் இப்போது என் வண்டியில் ஒட்டியிருக்கிறது. இங்கிலீஷ் தெரியாதவர்களுக்கு நானே படித்துச் சொல்கிறேன்: கேளம்பாக்கம்–திருப்போரூர் சாலை, தையூர், ஷேர் ஆட்டோ, முன் இருக்கைப் பயணியின் கழுத்து, சேகரித்தவர் ஏகாம்பரம். வள்ளிக்கு அடுத்த வருடத்துக்கு இடம் கிடைத்துவிட்டது. எறும்புக்குப் பெயர் வைக்க இன்னும் நாள் ஆகுமாம். அது புதுசுதானா என்றே இன்னும் பார்க்க வேண்டுமாம். கதிர்காமத்தில் வேல் சாத்திய படத்தைப் பியசேன அனுப்பியிருந்தார். அவருடைய ஆட்டோவில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் அவருக்கு வலப்பக்கம்.

மேடம் வரும்வரை, மறுபடி மாட்டிய படத்துக்குப் பக்கத்தில் யாரும் உட்காரக்கூடாது என்று வள்ளி உத்தரவு. மேஸ்திரி பின்னால் போய்விட்டார். காலை நேரத்தில், பஸ் கிடைக்காத கூட்டம் ஓடிவந்து எட்டிப் பார்க்கும்.

"இன்னா அண்ணாத்த, முன் சீட்டு காலியாத்தான கீது?"

பொட்டுக்கடலையை வைத்துவிட்டு, சாவியைத் திருப்புகிறேன்.

"காலி இல்லப்பா. ஆளு கீது."